வேனிலுக்கு வந்த பெட்டிகள்

வெயில் விடுமுறையை அரசாங்கம் ஐந்து மாதமாக நீட்டிய ஆண்டில், கனிஷ்கா தன் மகளை வீட்டிலேயே படிக்க வைப்பது என்று முடிவு செய்தாள். சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கு வந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் அப்போது தளர்ந்திருந்தது. பொள்ளாச்சியில் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடியில் பாதி வீடுகளில் பிள்ளைகள் வீட்டில்தான் படித்தார்கள். கனிஷ்கா மேல்நிலை வகுப்புகளுக்குக் கணக்கு நடத்தியவள். சில மாதங்களாகவே வகுப்பில் நிற்பது அவளுக்கு அலுப்பாக இருந்தது. இதைச் சாக்காக வைத்து வேலையை விட்டுவிட்டாள். ஆறு வயதுப் பிள்ளைக்குக் கூட்டல் கழித்தல் சொல்லித்தர அவளுக்கு என்ன சிரமம் இருந்துவிடப் போகிறது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

சிரமம் மகளிடம் இருந்தது. இளவேனில் என்று பெயர், வீட்டில் வேனில். தாளில் எழுதிய கணக்கை அவள் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். கையில் எடுத்து, உருட்டி, முகர்ந்து, உடைத்துப் பார்க்க முடிந்தால்தான் அவளுக்கு ஒரு விஷயம் உள்ளே போகும். மேல்மாடியில் இருந்த ரேணுகாதான் வழி சொன்னாள். அவள் மகன் ருத்ரனுக்கு ஒரு கம்பெனியிலிருந்து வாராவாரம் பெட்டி வருகிறதாம். எல்லாம் செய்து பார்த்துப் படிக்கிற பாடமாம். பையன் பெட்டியை விட்டு எழுவதே இல்லையாம்.

கம்பெனியின் பெயர் விரல்வழி. கோயம்புத்தூரில் இருந்தது. திங்கள்கிழமை காலையில் வாசலில் பெட்டி இருக்கும். ஒவ்வொரு வாரமும் ஒரு பொருள். அதைச் சுற்றியே அந்த வாரத்துக் கணக்கும் அறிவியலும். முதல் பெட்டியோடு ஒரு பலகையும் வந்தது. சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரியது, மரம் மாதிரி நிறம். அதன்மேல் எதை வைத்தாலும் எடை தெரிந்துவிடும். பார்க்கும், கேட்கும், மெல்லிய பெண் குரலில் பேசும். அந்தப் பக்கம் ஆசிரியர் என்று மனிதர் யாரும் கிடையாது. ஓர் இயந்திரம் குழந்தையைக் கவனித்து, அதற்கு அடுத்து எது தேவைப்படுமோ அதைப் பெட்டியில் போட்டு அனுப்பும். விளம்பரத்தில் அவர்கள் கொடுத்த வாக்கும் அதுதான்.

முதலில் மாம்பழ வாரம் வந்தது. மாம்பழத்தையும் கொட்டையையும் தனித்தனியே எடை போட்டு, தின்கிற பங்கு எவ்வளவு, தூக்கிப் போடுகிற பங்கு எவ்வளவு என்று கண்டுபிடித்தார்கள். கொட்டை தண்ணீரில் மிதக்குமா என்று பந்தயம் கட்டினார்கள். எறும்பு வாரத்தில் சர்க்கரை, உப்பு, மாவு மூன்றையும் பால்கனியில் வைத்துவிட்டு, எது முதலில் தீரும் என்று குப்புறப் படுத்துக் காத்திருந்தார்கள். நிழல் வாரத்தில் வேனில் மொட்டைமாடியில் நிற்க, கனிஷ்கா சுண்ணாம்புக்கட்டியால் அவள் நிழலைச் சுற்றிக் கோடு போட்டாள். பகலெல்லாம் போட்ட கோடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஒரு பெரிய பூவைப் போலத் தரையில் கிடந்தன.

கணவன் தரணீஷ் உடுமலைப் பக்கம் காற்றாலைகளைப் பழுதுபார்க்கிறவன். வாரத்தில் பாதி நாள் வெளியூர்தான். வீட்டுக்கு வரும்போதெல்லாம் மகள் புதிதாக ஏதாவது ஒன்றைக் காட்டுவாள். மனைவி இத்தனை சந்தோஷமாக இருந்து பார்த்து வெகுநாளாயிற்று என்று அவனும் நிம்மதியாக இருந்தான்.

இப்படியே சில மாதங்கள் ஓடின; பிறகு வந்தது வழி வாரம். பெட்டியில் ஒரு கறுப்புத் துணி, ஒரு நூல்கண்டு, ஒரு திசைகாட்டி. பெரியவர் கண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும். குழந்தைதான் கையைப் பிடித்து வழிகாட்ட வேண்டும் என்றது பலகை. வீட்டுக்குள் ஆரம்பித்து, மறுநாள் மாடிப்படி, அதற்கடுத்து தெருமுனைக் கடை என்று தூரம் கூடிக்கொண்டே போனது. கடைசி இரண்டு நாள் துணி இல்லை. பேருந்து நிலையத்தில் எந்த வண்டி, எங்கே இறங்குவது, திரும்பி எப்படி வருவது என்று எல்லாவற்றையும் குழந்தையே முடிவு செய்ய வேண்டும். பெரியவர் பேசாமல் உடன் வர வேண்டும்.

கனிஷ்காவுக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது, மாடிப்படி வரும்வரை. அங்கே கண் கட்டியிருந்தபோது வேனில் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "படி வருதுங்கம்மா. அவசரப்பட வேண்டாம். வலது காலை முதல்ல வைங்க," என்றாள். ஆறு வயதுக் குரல்தான். ஆனால் அந்த நிதானம் ஆஸ்பத்திரிகளில் கேட்கிற நிதானம். கறுப்புத் துணிக்குள் கனிஷ்காவின் கண் தானாகத் திறந்துகொண்டது.

அடுத்தது பங்கு வாரம். வண்ண வண்ணச் சர்க்கரை வில்லைகளும், நோயாளிகளின் மாத்திரை டப்பா போல ஏழு நாளுக்கும் காலை மதியம் இரவு என்று அறை பிரித்த ஒரு டப்பாவும் வந்தன. மஞ்சளில் பாதி காலையில், வெள்ளையில் கால் பங்கு இரவில் என்று பலகை சொல்லச் சொல்ல, சின்னக் கத்தரியால் வேனில் வில்லைகளை வெட்டி அறைகளில் போட்டாள். மிஞ்சியதைத் தின்னக்கூட இல்லை. தப்பாகப் போட்ட ஒன்றை நகத்தால் நெம்பி எடுத்து இடம் மாற்றி வைத்துவிட்டு, டப்பாவை மூடிக் குலுக்கிப் பார்த்தாள். கனிஷ்கா அப்போதுதான் முதன்முதலாகப் பயந்தாள். ஆனால் அவள் பயந்தது தரணீஷை நினைத்து. அத்தனை உயரத்தில் வேலை செய்கிறவனுக்கு ஏதாவது ஆகி, படுத்த படுக்கையாகிவிடுவானோ என்று தோன்றியது. அந்த வாரம் அவன் கிளம்பும்போது இடுப்புப் பட்டையைச் சரியாக மாட்டிக்கொள்ளும்படி படித்துப் படித்துச் சொன்னாள். அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

நெம்புகோல் வாரம் அந்தப் பயத்தை இடம் மாற்றியது. ஆள் நீளத்துக்கு ஒரு துணிப்பை வந்தது. அதில் மணலை நிரப்ப வேண்டும். எவ்வளவு மணல் என்பதுதான் கணக்கு. ஒரு நீள மரச்சட்டத்தைச் சீசா போல ஏறி இறங்கும்படி அமைத்து, ஒரு முனையில் அம்மா உட்கார வேண்டும், மறுமுனையில் பை. இரண்டும் சமமாகும்வரை மணல் கொட்ட வேண்டும். மாலைக்குள் அம்மாவும் பையும் சமமாகிவிட்டார்கள். மறுநாள் அந்தப் பையைக் கூடத்தில் படுக்கைவிரிப்பின்மேல் கிடத்தி, சிறிய ஆள் பெரிய எடையை எப்படிப் பக்கவாட்டில் திருப்பலாம் என்று பலகை சொல்லிக் கொடுத்தது. விரிப்பின் ஓரத்தைச் சுருட்டி, முழங்காலை ஊன்றி, தன் உடம்பின் எடையைப் பின்னால் சாய்த்து இழுத்தால் போதும். வேனில் இழுத்தாள். பை புரண்டது.

தரணீஷ் வெளியூரிலிருந்து வந்தவன் கதவைத் திறந்ததும் அப்படியே நின்றுவிட்டான். மின்விளக்கு போடாத கூடத்தில் யாரோ படுத்திருப்பது போல இருந்தது. பக்கத்தில் மண்டியிட்டிருந்த மகள் அதன் தோள் இருக்கவேண்டிய இடத்தில் கை வைத்து, "இப்ப இந்தப் பக்கம் திரும்பிக்கலாமுங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கனிஷ்கா சமையலறை வாசலில் அசையாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழந்தை தூங்கிய பிறகு அவனிடம் சொன்னாள். பெட்டி யாரையோ பார்த்துக்கொள்ள வேனிலைத் தயார் செய்கிறது. அந்த யாரோ தான்தான். எடை தன்னுடையது. தரணீஷ் முதலில் கேலி செய்தான். பெட்டி ஜோசியம் பார்க்கிறதாக்கும் என்றான். அவள் அழ ஆரம்பித்ததும், சரி, உடம்பைப் பரிசோதித்துப் பார்த்துவிடலாம் என்றான். ரத்தம், இதயம், நுரையீரல், வயிறு என்று எல்லாம் பார்த்தார்கள். குறை ஒன்றுமில்லை, அவள் வயதில் இப்படி ஓர் உடம்பு கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று டாக்டர் வேறு சொன்னார். தரணீஷுக்கு அதோடு முடிந்தது.

கனிஷ்காவுக்கு முடியவில்லை. மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனபோது ரேணுகாவிடம் சொன்னாள். ரேணுகா துணியை மடிப்பதை நிறுத்தினாள். ருத்ரனுக்குப் பாதி வாரம் என்று ஒரு பெட்டி வந்தது என்றாள். எல்லாவற்றையும் சரிபாதியாகப் பிரிக்கிற பாடம். களிமண்ணில் இரண்டு வீடு செய்யச் சொன்னதாம். இரண்டிலும் ஒரு கட்டில், ஒரு பல்துலக்கி, ஒரு தட்டு. வாரத்தின் நாட்களை இரண்டு வீட்டுக்கும் பங்குபோடச் சொன்னதாம்.

"அப்பெல்லாம் நாங்க ரெண்டு பேரும் சண்டைகூடப் போட்டதில்லைங்க்கா," என்றாள். "அவரு தீபாவளி முடிஞ்சுதான் வீட்டை விட்டுப் போனாரு. பையன் அழுவான்னு நினைச்சேன். அவன் பையை எடுத்துட்டு வந்து, எந்த நாளு எந்த வீடுன்னு எங்களுக்குச் சொல்றான்."

பெட்டியை ஏன் இன்னும் நிறுத்தவில்லை என்று கேட்டதற்கு ரேணுகா மடித்த துணியையே மறுபடி உதறி மடித்தாள். பிறகு, அந்தப் பெட்டி வராமல் இருந்திருந்தால் அவன் என்ன ஆகியிருப்பான் என்று தெரியவில்லையே என்றாள்.

தரணீஷ் ஊரில் இல்லாத ஒரு நாள் காலையில் கனிஷ்கா மகளைக் கூட்டிக்கொண்டு கோயம்புத்தூருக்குக் கிளம்பினாள். உண்மையில் மகள்தான் கூட்டிப்போனாள். எந்தப் பேருந்து, எங்கே இறங்குவது, எந்தச் சந்தில் திரும்புவது என்று யாரையும் கேட்காமல் வேனில் நடந்தாள். வழி வாரத்தின் பயன் என்று கனிஷ்கா நினைத்துக்கொண்டாள். விரல்வழி அலுவலகத்தில் காவலாளி வேனிலின் தலையைத் தடவி உள்ளே விட்டார். ஒரு நீளக் கூடத்தில் பெண்கள் வரிசையாக நின்று பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். விதைகள், கண்ணாடிகள், பஞ்சு, கறுப்புத் துணி. பேச்சுச் சத்தமே இல்லை.

பாடங்களை வடிவமைக்கிறவர் என்று ஓர் அறைக்கு அனுப்பினார்கள். மெஹருன்னிசா என்ற அம்மாள், ஐம்பதைத் தாண்டியவர். பல வருடம் குழந்தைகளுக்கான விளையாட்டுப் பாடங்கள் செய்தவர் என்பது அறையைப் பார்த்தாலே தெரிந்தது. சுவரெல்லாம் காந்தமும் கப்பியும் மணிச்சட்டமும். இவர்களைக் கண்டதும் அவர் எழுந்து நின்றார். உட்காரச் சொல்லிவிட்டு, வேனிலின் முன்னால் ஒரு தட்டு நிறையக் காந்தத் துண்டுகளை வைத்தார். கதவைச் சாத்தினார்.

கனிஷ்கா வந்த விஷயத்தை வரிசையாகச் சொன்னாள். கறுப்புத் துணி, வில்லைகள், மணல் பை, ருத்ரனின் இரண்டு வீடு. கடைசியில் கேட்டாள். பெட்டிக்கு எப்படித் தெரியும்?

"மிஷின்கிட்ட நாங்க ஒரே ஒரு கேள்விதான் கேட்டு வெச்சோமுங்க," என்றார் மெஹருன்னிசா. "இந்தக் குழந்தைக்கு அடுத்து எது தேவைப்படும்? அவ்வளவுதான். பாடத்துல எது தேவைப்படும்னு கேக்கலை. அப்படிக் கேக்கோணும்னு எங்களுக்குத் தோணவே இல்லை. கூட்டல்னு சொல்லும், அளவுன்னு சொல்லும்னு நினைச்சோம். அது வீடு முழுக்கக் கேட்டுச்சு. யாரு எப்படி நடக்கறாங்க, எப்படிப் பேசறாங்க, எந்தக் கதவு எவ்வளவு சத்தமாச் சாத்துதுன்னு எல்லாத்தையும் கேட்டுட்டு, குழந்தைக்கு என்ன வரப்போகுதோ அதுக்குப் பாடம் போட ஆரம்பிச்சுது."

"அப்ப நான் சாகப் போறனா?"

"இல்லைங்க."

"பின்ன?"

அந்த அம்மாள் கைகளை மேசையின்மேல் கோத்துக்கொண்டார். "சொல்றதுக்கு எங்களுக்கு அனுமதி இல்லைங்க. நாங்க ஆஸ்பத்திரி இல்லை. யாரு வீட்டு நோயைப் பத்தியாவது வாய் திறந்தா கம்பெனியை மூடிருவாங்க. சொல்லிக் கொடுக்கறதுக்கு மட்டும்தான் அனுமதி."

கனிஷ்கா கோபப்பட்டாள். பெற்றவளிடம் சொல்லாத ஒன்றை ஒரு குழந்தையின் கையில் கொடுத்து அனுப்புவது என்ன நியாயம் என்று கேட்டாள். மெஹருன்னிசா மறுத்துப் பேசவில்லை. கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"இதே கேள்வியைப் போன மாசமும் கேட்டீங்க. இதே நாற்காலிதான். நான் அன்னைக்கு ஒண்ணும் சொல்லாம அனுப்பிட்டேன். நீங்க மறுபடி வந்தாச் சொல்லிரோணும்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்."

"நான் இங்க வந்ததே இல்லைங்களே," என்றாள் கனிஷ்கா.

அந்த அம்மாள் வேனிலைப் பார்த்தார். கனிஷ்காவும் திரும்பிப் பார்த்தாள். வேனில் காந்தத் துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"வந்தோம்மா. அன்னைக்கு நீங்க பச்சைச் சேலை கட்டியிருந்தீங்க," என்றாள். கையிலிருந்த துண்டை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். "அப்பாகிட்டச் சொல்ல வேண்டாம்னு நீங்கதான் சொன்னீங்க. அதான் சொல்லலை. பரவால்லைங்கம்மா."

மாடிப்படியில் கேட்ட அதே நிதானம்.

மெஹருன்னிசா பிறகு சொன்னதில் பாதிதான் கனிஷ்காவின் காதில் விழுந்தது. சொற்களைத் தேடுகிற இடைவெளி. அடுப்பைப் பற்றவைத்துவிட்டு எதற்கென்று நிற்கிற நேரம். ஒரு பொருளை வைத்த இடத்தைத் தேடி வீட்டைச் சுற்றிவருகிற காலடி. வீட்டில் இருக்கிறவர்களுக்குத் தெரியாத இந்த மாதிரிச் சின்ன விஷயங்களைப் பலகை பல மாதமாகக் கேட்டுச் சேர்த்திருந்தது. மூளைக்கான டாக்டரைப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள் என்று சொல்லி, அவர் கீழே வாசல்வரை வந்து வழியனுப்பினார். வேனில் பேருந்தில் ஜன்னலோரம் அம்மாவை உட்காரவைத்து, தான் வழிப்பக்கம் உட்கார்ந்துகொண்டாள்.

மூளை டாக்டர் உறுதி செய்தார். இளவயதில் மிக அரிதாக வருகிற மறதி நோய். வேகமாக வளரும் வகை. பரம்பரையாக வந்திருக்கலாம் என்றார். கனிஷ்காவின் அப்பா சின்ன வயதிலேயே விபத்தில் போனவர். அவருக்கு இருந்ததா என்று சொல்ல யாரும் இல்லை. மாத்திரைகள் எழுதிக் கொடுத்தார். காலையில் பாதி, இரவில் கால் என்று அவர் சொல்லத் தொடங்கியதுமே தரணீஷ் கையை நீட்டித் தடுத்து, தெரியும் என்றான்.

அவன் கம்பெனிக்குப் போன் செய்து சத்தம் போட்டான். பணிவான ஒரு குரல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வருத்தம் தெரிவித்தது. மெஹருன்னிசாவிடம் பேச வேண்டும் என்றதற்கு, அவர் இப்போது இங்கே வேலையில் இல்லை என்றது. திங்கள்கிழமை பெட்டி வழக்கம்போல வாசலில் இருந்தது.

அது பொம்மை வாரம். ஒரு துணிப் பொம்மை, கொஞ்சம் வண்ண மணிகள், மணி கோக்க நிமிர்த்திவைத்த கம்பிகள். தரணீஷ் பெட்டியைத் திறக்கவிடக் கூடாது என்றுதான் இருந்தான். அவன் குளிக்கப் போன நேரத்தில் வேனில் திறந்துவிட்டாள். ஈரத் தலையோடு அவன் வெளியே வந்தபோது கூடத்தில் கனிஷ்காவின் குரல் கேட்டது.

"இன்னைக்கு என்ன கிழமை கண்ணு?"

"திங்கக்கிழமைங்கம்மா," என்றாள் வேனில்.

"இன்னைக்கு என்ன கிழமை கண்ணு?"

"திங்கக்கிழமைங்கம்மா."

"இன்னைக்கு என்ன கிழமை கண்ணு?"

தரணீஷ் தலை துவட்டுவதை விட்டான். இத்தனை சீக்கிரமா என்று நினைத்துக்கொண்டே கூடத்துக்குள் வந்தான். கனிஷ்கா அங்கே இல்லை. அவள் படுக்கையறை வாசலில் சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தாள். பேசியது பொம்மை. குரல் மட்டும் அவளுடையது. ஒவ்வொரு பதிலுக்கும் பலகை வேனிலின் தொனியைக் கேட்டு, சலிப்பில்லாமல் சொன்னால் நீல மணி, சலிப்பிருந்தால் சிவப்பு மணி கோக்கச் சொன்னது. எந்தக் கம்பி உயரம் என்று கடைசியில் ஒப்பிட வேண்டும். நீலக் கம்பி ஏற்கெனவே பாதிக்கு வந்திருந்தது. சிவப்பில் ஒன்றுகூட இல்லை.

அவன் பொம்மையின் முதுகைப் பிரித்து மின்கலத்தைப் பிடுங்கினான். வேனில் எதிர்க்கவில்லை. மணிகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டாள்.

பிறகு கணவனும் மனைவியும் பேசினார்கள். ஆறு வயதுப் பிள்ளையை ஆயா வேலைக்குப் பழக்குகிறார்கள் என்று அவன் கொதித்தான். தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். வாரத்தில் பாதி நாள் காற்றாடிமேல் இருக்கிறவர் எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று அவள் கேட்டாள். பெட்டி பொய் சொல்லவில்லை என்றாள் அவள். இந்த வீட்டில் முதலில் தெரிந்துகொண்டது அதுதான்.

"ஆனா என்கிட்டச் சொல்லாம எம்புள்ளகிட்டச் சொல்லிருச்சுங்க," என்றாள். "எனக்கு இருக்கற கொஞ்ச நாள்லயும் அவ எனக்குப் புள்ளையா இல்லாமப் போயிருவா. அது வேண்டாமுங்க."

அன்றே பலகையைத் திருப்பி அனுப்பினார்கள். மணல் பையைத் தரணீஷ் கீழே கொண்டுபோய்த் தோட்டத்தில் கொட்டினான். உடுமலை வேலையை மாற்றிக்கொண்டு, பொள்ளாச்சியிலேயே கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு வந்தான். பகலில் துணைக்கு ஓர் அம்மாளை ஏற்பாடு செய்தான். ரேணுகாவும் அவ்வப்போது வந்து எட்டிப்பார்த்தாள். அவள் ருத்ரனின் பெட்டியை நிறுத்தவில்லை. இந்த வீட்டுக்கு வரும்போது மட்டும் அதைப் பற்றிப் பேசமாட்டாள்.

அடுத்த திங்கள்கிழமை காலையில் வேனில் பழக்கத்தில் வாசலைத் திறந்து பார்த்துவிட்டு உள்ளே வந்தாள். இந்த வாரம் என்ன வாரம் என்று கேட்டாள். கனிஷ்கா முந்தின நாளே யோசித்து வைத்திருந்தாள். குமிழி வாரம் என்றாள்.

சோப்புத் தண்ணீர், கொஞ்சம் சர்க்கரை, பப்பாளித் தண்டு, நனைத்த கண்ணாடி ஒன்று. வேனில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, இது எதற்கு என்று கேட்டாள்.

"எதுக்கும் இல்லை," என்றாள் கனிஷ்கா.

"எதுக்காச்சும் இருக்குமேம்மா?"

"இல்லை சாமி. சும்மா ஊதிப் பாக்கலாம். எது ரொம்ப நேரம் இருக்குதுன்னு எண்ணலாம். அவ்வளவுதான்."

வேனிலுக்கு அது பிடிபடக் கொஞ்சம் நேரமாயிற்று. முதல் நாள் குமிழிகளை ஊதாமல், சிந்திய தண்ணீரில் அம்மா வழுக்கிவிடக் கூடாதென்று துடைத்துக்கொண்டே இருந்தாள். மறுநாள் துடைப்பதை மறந்தாள். மூன்றாம் நாள் கண்ணாடிமேல் ஒரு குமிழி அரைத் தேங்காய் அளவுக்கு நிமிர்ந்து நின்றபோது, அவள் ஊரையே கூட்டுகிற மாதிரிச் சிரித்தாள். தரணீஷ் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு அங்கேயே நின்றுவிட்டான்.

அம்மாவும் மகளும் குமிழியின் முன்னால் கன்னம் ஒட்ட உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தார்கள். ஒண்ணு, ரெண்டு, மூணு, ஆறு, ஏழு, பத்து, பதினொண்ணு, பதினாலு. இரண்டு குரலும் ஒன்றாகவே போயின. ஒரே இடத்தில் தாவின. கனிஷ்காவின் எண்கள் உதிர்வதைத் தரணீஷ் எதிர்பார்த்துத்தான் இருந்தான். மேல்நிலைக் கணக்கு நடத்தியவள் அவள். ஆனால் குழந்தையும் அப்படியே எண்ணியது அவனை உலுக்கியது. இத்தனை மாதப் பெட்டியும் பலகையும் எண்ணக்கூடவா சொல்லித்தரவில்லை? அல்லது டாக்டர் சொன்னாரே பரம்பரை என்று, அதுவா? 

வேனில் கை கழுவ வந்தபோது அவன் குழாயடியில் குனிந்து, சாதாரணமாகக் கேட்பது போல, தனியாக எண்ணிக் காட்டச் சொன்னான். அவள் கையைத் தேய்த்துக்கொண்டே எண்ணினாள். ஒன்று விடாமல் நூறுவரை போனாள். அவன் கேட்காமலே இரண்டிரண்டாகத் திரும்பி வந்தாள்.

"அப்ப அம்மாகூட எண்ணறப்ப மட்டும் ஏன் சாமி அப்படி?"

வேனில் கூடத்தை ஒரு முறை எட்டிப்பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "சரியா எண்ணுனா அம்மா நிறுத்திருவாங்கப்பா."

"அந்தப் பலகை சொல்லிக் குடுத்துச்சா?"

"இல்லைப்பா. அது அம்மாவைத் திருத்தச் சொல்லுச்சு. எப்பவும் சொல்லிட்டே இருக்கும். நான் மாட்டேன்னுட்டேன்."

துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு அவள் உள்ளே ஓடினாள். தரணீஷ் குழாயைத் திறந்துவிட்டு முகத்தைக் கழுவினான். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவன் உடனே நிமிரவில்லை.

அவன் உள்ளே போனபோது கண்ணாடிமேல் புதிதாக ஒரு குமிழி எழுந்திருந்தது. முன்பு வந்ததைவிடப் பெரியது. அதன் தோலில் ஜன்னலும் மின்விசிறியும் மூன்று முகங்களும் வளைந்து தெரிந்தன. கனிஷ்கா நகர்ந்து அவனுக்கு இடம் விட்டாள். அவன் சப்பணமிட்டு உட்கார்ந்தான். மூச்சுப் பட்டு உடைந்துவிடுமோ என்று முகத்தைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டு அவர்களோடு சேர்ந்து எண்ண ஆரம்பித்தான்.

மூன்றுக்குப் பிறகு ஆறு வந்தது. மூன்று பேரும் ஆறு என்றார்கள். குமிழி இன்னும் உடையவில்லை.